ஒரு மணித்தியாலம் கொழுந்து பறித்தாலும் "தொழில் உள்ளவர்"

2023இல் நாட்டின் வேலையின்மை 4.7 சதவீதம் என்கிறது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம். பொய்க் கணக்கு அல்ல. ஆனால் அது யாரை எண்ணுகிறது என்று நாம் கேட்க வேண்டும், தோழர்களே.

கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கு உழைத்தாலே ஒருவர் தொழில் உள்ளவர். சர்வதேச முறையும் அதுதான். வறட்சிக் காலத்தில் வாரம் மூன்று நாள் மட்டும் வேலை கொடுத்து, கிலோ போதாதென்று அதிலும் அரைப்பேர் போட்டால்கூட, அந்த அக்கா வேலையில்லாதோர் கணக்கில் வரமாட்டார்.

கொழும்புக் கடையை விட்டுவந்து லயத்தில் இருக்கும் தம்பி? நான்கு வாரமாக வேலை தேடவில்லையென்றால் அவர் வேலையில்லாதவர்கூட அல்ல, தொழிற்படைக்கே வெளியில். என்னிடம் படித்த பிள்ளைகளில் இப்படிப் பலர்.

கூடுதல் நேரம் உழைக்கத் தயாராக இருந்தும் வேலை கிடைக்காதவர்களை 'குறைவேலை' என்று அதே திணைக்களம் தனியாக எண்ணுகிறது. மேடையில் யாரும் அதை வாசிப்பதில்லை.

நாமும் நாட்சம்பளத்தை மட்டுமே பேசுகிறோம். மாதத்தில் எத்தனை பேர் கிடைக்கிறது என்பதையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத் தலைவர்மார் சம்பளச் சீட்டுகளைப் பார்த்து, ஆளுக்கு எத்தனை நாள் வேலை என்று எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.