திட்டினால் ஜெயில், மிரட்டினால் ரசீது

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசைக்கல் அடுப்பில் ஏறின நேரம் பார்த்து பக்கத்து பில்டிங் நண்பரிடமிருந்து ஃபோன். "சார், கொஞ்சம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் கூட வர்றீங்களா?" நம்ம ஊர்க்காரர். மும்பைக்கு வந்து 20 வருஷம் ஆச்சு. குரலே சரியில்லை. தோசையை அப்படியே விட்டுட்டுக் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். அவர் பொண்ணுக்குக் காலேஜில் கடைசி வருஷப் பரீட்சை. ராத்திரி 11 மணிக்கு மேலயும் தெருவில் ஸ்பீக்கர் அலறுது, படிக்க முடியலைன்னு ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதியிருக்கிறாள். யாரையும் பேர் சொல்லித் திட்டவில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்த இடத்தில் ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000-ம் வருஷத்திலிருந்தே விதி இருக்கு. அதைத்தான் கேட்டிருக்கிறாள். மறுநாள் அதுக்குக் கீழே வரிசையாகப் பதில்கள். "மதராசி"ன்னு ஆரம்பிச்சு, "எந்த பில்டிங், எத்தனாவது மாடின்னு தெரியும், காலை உடைப்போம்" வரைக்கும். எல்லாமே முகம் தெரியாத கணக்குகள்.

ஸ்டேஷனில் தன்மையாகத்தான் பேசினார்கள். எல்லாம் கேட்டுட்டு ஒரு என்.சி. எழுதிக் கையில் சீட்டு கொடுத்தார்கள். கூடவே இலவச ஆலோசனை: "அந்தப் பதிவை எடுத்துடச் சொல்லுங்க, எதுக்கு வம்பு?" எடுத்துவிட்டாள். ஸ்பீக்கர் மட்டும் இன்னும் அலறுது!

சாயங்காலம் நம்ம தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸப் குழுவில் இதே பேச்சு. ஒரு பெரியவர் போட்டார்: "சோஷியல் மீடியாவில் கண்டபடி எழுதுறவனைப் பிடிச்சு உள்ளே போட கடுமையான சட்டம் வேணும்." சரசரன்னு கட்டைவிரல்கள். எனக்கு அங்கேதான் பத்திக்கிட்டு வந்தது.

ஐயா, அப்படி ஒரு சட்டம் ஏற்கெனவே இருந்தது. அது யாரைப் பிடிச்சதுன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2008-ல் திருத்தம் செய்து, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. எரிச்சல், அசௌகரியம், அவமானம் உண்டாக்குறதுக்காகப் பொய்யான செய்தி அனுப்பினால் 3 வருஷம் வரை ஜெயில். படுமோசமா புண்படுத்துற செய்தின்னாலும் அதே 3 வருஷம். வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

2012 நவம்பர் 17 அன்று பால் தாக்கரே இறந்தார். மறுநாள் மும்பையே அடைப்பு. பால்கரில் 21 வயசுப் பெண் ஒருத்தி, இந்த அடைப்பு ஏன்னு கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதினாள். அவள் தோழி அதுக்கு ஒரு லைக் போட்டாள். ரெண்டு பேரும் கைது! எழுதினவளின் சித்தப்பா ஆஸ்பத்திரியைக் கூட்டம் புகுந்து உடைத்தது. அடைப்பு ஏன்னு கேட்டவளைத்தான் சட்டம் முதலில் தேடிப் போனது.

அதே 2012 ஆகஸ்ட் மாசத்தையும் பாருங்க. "வடகிழக்குக்காரர்களைத் தாக்கப் போறாங்க"ன்னு எஸ்.எம்.எஸ்.களும் வதந்திகளும் பரவி, பெங்களூர் ரயில்வே ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். குவாஹாத்திக்கு ஸ்பெஷல் ரயில் விட வேண்டியதாச்சு. நம்மளை மாதிரிப் பிழைக்க வந்தவர்கள்தான் அவர்களும். 66ஏ அப்பவும் அமலில்தான் இருந்தது. அந்த மிரட்டல் அவர்களைத் துரத்தினதை அது தடுக்கலை.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வை மொத்தமாக ரத்து செய்தது. ஒரு விஷயத்தை விவாதிக்கிறதும், அதுக்காக வாதாடுறதும் அரசியல் சாசனம் 19(1)(அ) தரும் உரிமை, தூண்டிவிடுறது என்ற எல்லைக்கு வந்த பிறகுதான் சட்டம் கை வைக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். அதுக்கப்புறமும் பல ஸ்டேஷன்களில் செத்துப்போன அந்தப் பிரிவில் வழக்கு போட்டுக்கிட்டே இருந்தாங்க. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

நான் பி.காம். படிச்ச பேங்க்காரன். எனக்குத் தெரிஞ்ச கணக்கில் சொல்றேன். செக் திரும்பினால் 138-வது பிரிவு. தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைச்சு 15 நாளுக்குள் பணம் கட்டணும், கட்டலைன்னா ஒரு மாசத்துக்குள் புகார். எது குற்றம்னு எங்க கவுன்ட்டரில் நிற்கிற பாமரனுக்கும் புரியும். "எரிச்சல்" என்பதை எந்தத் தராசில் நிறுக்கிறது? தினம் பாஸ்புக் என்ட்ரி லேட்டானால் எனக்குக் கிடைக்கிற அர்ச்சனைக்கு, பாதி வாடிக்கையாளர்களை உள்ளே தள்ளலாம்.

மிரட்டல் அப்படி இல்லை. அதை நிறுக்க முடியும். "காலை உடைப்பேன்" என்பது கருத்து இல்லை, அடுத்தவன் கருத்தை நிறுத்துற கருவி. இப்போ அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-வது பிரிவு (பழைய 506) இருக்கு. கொல்வேன், கொடுங்காயம் செய்வேன் என்று மிரட்டினால் 7 வருஷம் வரை. பெயரை மறைச்சு மிரட்டினால் கூடுதலாக 2 வருஷம் வரை. சட்டம் இருக்கு சார்! கோளாறு எங்கேன்னா, மத்தியச் சட்டப் பட்டியலில் இது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். சில மாநிலங்கள் இதை மாத்தியிருக்கு. மாத்தாத இடத்தில் கைக்கு வர்றது ஒரு சீட்டு.

ஆக, எரிச்சல்படுத்தினவளைப் பிடிக்க வாரன்ட் வேண்டாம்னு ஒரு காலம். காலை உடைப்பேன்னு சொன்னவனை விசாரிக்கவே உத்தரவு வேணும்னு இன்னொரு காலம். கேட்க வேண்டியது புதுச் சட்டம் இல்லை. உயிருக்கும் உடம்புக்கும் விடுற மிரட்டலை மட்டும், அதை மட்டும், போலீஸ் நேரடியாக விசாரிக்கிற குற்றமாக்குங்கன்னு கேளுங்க. "புண்படுத்தினான்" என்பதை அதில் சேர்க்காதீங்க. சேர்த்தால் முதலில் மாட்டப் போறது அந்தப் பொண்ணுதான். மொழி தெரியாத ஊரில், ஆள் பலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான்.

இதில் நாமும் யோக்கியர் இல்லை. பெருமாள்முருகனை எழுதாமல் நிறுத்தினது வடக்கத்திக்காரனா? 2015-ல் தன் சொந்த ஊர்ப்பக்கத்து எதிர்ப்பில்தான் அவர் எழுத்தை விட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதுக்கும் முன்னே, 1989-ல் "ஒரே ஒரு கிராமத்திலே" பட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிடுச்சு: கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை நிறுத்தக்கூடாது, பேசுறவனுக்குப் பாதுகாப்பு தர்றது அரசின் கடமை. 30 வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஸ்டேஷனில் இன்னும் "பதிவை எடுத்துடுங்க"தான்.

உங்க வீட்டில் இப்படி நடந்தால், தயவு செய்து பிள்ளையைத் திட்டாதீங்க. எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி தேதி, நேரம், கணக்கின் பேர், லிங்க் எல்லாம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. புகாரை எழுத்தில் கொடுங்க, நகல் வாங்குங்க. தனியாகப் போகாதீங்க, ரெண்டு பேர் கூடப் போங்க. அடுத்த முறை நம்ம குழுவிலேயே ஒருத்தன் "அவனை வெட்டணும்"னு போட்டால், கட்டைவிரல் காட்டாமல் "எடுங்க சார் அதை"ன்னு சொல்லுங்க.

நண்பரை நேத்து ஸ்டேஷனில் பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷனில்தான். பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டேன். "நல்லா இருக்கா சார், இப்பெல்லாம் எதுவும் எழுதறதில்லை"ன்னார், ஏதோ உடம்பு தேவலைங்கிற மாதிரி.

எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. வழக்குன்னு வந்தால் நல்ல வக்கீலைப் பாருங்க.