முதல் மாத்திரைக்கு முன் பத்து நிமிடம்

அருவியில் தலையைக் காட்டினால் புத்தி தெளிந்துவிடும் என்று நம்பி, மனநோய் கண்டவர்களைக் குற்றாலத்துக்கு அழைத்து வரும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உண்டு. அவர்களை மருத்துவமனை வாசலுக்கு வரவழைப்பதே பெரும்பாடு. அப்படி வந்தவருக்கு மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே செருகிக்கொண்டால் வீட்டார் என்ன செய்வார்கள்? பேய் முற்றிவிட்டது என்று மாத்திரையைத் தூக்கி எறிவார்கள். புரோமெத்தசின் ஊசி ஒன்றில் அடங்கிவிடக்கூடிய இழுப்பு அது.

பின்னால் வருவது இதைவிடக் கொடியது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து உதடு சப்புக்கொட்டத் தொடங்கும். நாக்கு தானாக வெளியே வந்து போகும். வாயில் ஒன்றுமில்லாமலே தாடை அசைபோடும். 'டார்டிவ் டிஸ்கைனீசியா' எனப்படும் இந்தக் கோளாறு, மருந்தை நிறுத்தினாலும் பலரை விடுவதில்லை. கல்யாணப் பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகிறார்கள்.

ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவருக்கு வருகிறது, பக்கத்தில் இருப்பவருக்கு வருவதில்லை. முதியவர்களுக்கும் பெண்களுக்கும் ஆபத்து கூடுதல். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் 'சிஒய்பி2டி6' என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. மருந்து உடம்பில் தேங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஹாலோபெரிடாலை வழக்கமான அளவில் 60 சதவீதம் மட்டும் கொடுக்கச் சொல்கிறது நெதர்லாந்தின் மருந்து-மரபணு வழிகாட்டி. தென்னிந்தியரிடம் இந்த மரபணு எப்படி மாறுபடுகிறது என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த வாய்க்கோளாறு யாருக்கு வரும் என்று உறுதியாகச் சொல்லும் மரபணுச் சோதனை இன்றுவரை இல்லை. ஆகவே குற்றாலம் இருக்கும் தென்காசி மாவட்டத்துக்கு இப்போது மரபணு ஆய்வகம் கேட்பதில் பொருளில்லை.

கேட்க வேண்டியது எது என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வே காட்டியிருக்கிறது. சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் ஆர். தாரா உள்ளிட்டோரும் ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது. மருந்து சாப்பிட்டுவந்த மனச்சிதைவு நோயாளிகளில் 41 சதவீதத்தினருக்கு இந்த அசைவுகள் இருந்தன. மருந்தையே தொடாத நோயாளிகளில் 38 சதவீதம்! நோயில்லாதவர்களில் 15 சதவீதம். மருந்து தொடாதவர்கள் 21 பேர்தான், சிறிய கணக்கு. ஆனாலும் அசைவுக்கு மருந்து மட்டுமே காரணமில்லை, நோய்க்கும் உடம்பின் வாகுக்கும் அதில் பங்குண்டு என்பதை அது உணர்த்திவிட்டது. முதல் மாத்திரைக்கு முன் வாய், நாக்கு, கைகால் எப்படி இருந்தன என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு எது மருந்தால் வந்தது, எது முன்பே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுதி வைக்க, தானாக வரும் அசைவுகளை அளக்கும் ஏ.ஐ.எம்.எஸ். என்ற அளவுகோல் 1976 முதலே இருக்கிறது. ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் போதும். 2019-இல் தனி மாவட்டமான தென்காசியில், மாவட்ட மனநலத் திட்டம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். மருந்து தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளியின் நோட்டில் பதிய வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது நடுக்கமோ, மருந்தால் இழுப்போ வந்ததுண்டா என்ற கேள்வியும் அதில் இருக்க வேண்டும். கூட்டத்தில் மருத்துவருக்கு ஏது நேரம் என்பார்கள். பயிற்சி பெற்ற செவிலியரே பார்க்கலாம். நடுக்கத்துக்கென்று கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடில் இந்த வாயசைவை மேலும் கூட்டக்கூடும் என்பதால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு தொடரும் வழக்கமும் நிற்க வேண்டும்.

பக்கவிளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்வது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தரும் உரிமை. மருத்துவமனை காட்டும் சலுகையல்ல.

குடும்பத்தாருக்கும் ஒன்று: வாயோ கழுத்தோ கோணினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செல்போனில் படம் பிடித்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.