ஓசியில கத்துக்கிட்டா என்ன, தோழர்?

போன மாதக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது பேச்சுவாக்கில் சொன்னேன்: "அண்ணன் மக கார் ஓட்டக் கத்துக்கணுங்கிறா. எட்டாயிரம் கேக்கிறாங்க." பாதிப்பேர் சிரித்தார்கள். களப்பணியில் என்னைவிட மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "எட்டாயிரமா? ஊர்ல யார்கிட்டயாவது ஒரு டாட்டா ஏஸ் இல்லாமயா போகும்? நாலு நாள் கூடப் போனா ஓசியில கத்துக்கலாமே. எதுக்குத் தோழர் முதலாளிக்கு அழறீங்க?"

அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஓசி என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். அண்ணன் ஆறு வருஷம் லாரியில் கிளீனர். முதலாளி ஊர்த்தெருக்காரர், டிரைவர் அவருக்குச் சொந்தக்காரர். வண்டி கழுவுறது, தார்ப்பாய் கட்டுறது, பஞ்சரானா ஜாக்கி போடுறது, ராத்திரி லோடுக்குக் காவலா வண்டிக்கடியில் படுக்கிறது எல்லாம் அண்ணன். கிளீனராக இருந்து டிரைவராவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அண்ணனுக்குப் பின்னால் வந்த ஊர்த்தெருப் பையன் ஒன்றரை வருஷத்தில் ஸ்டியரிங் பிடித்தான். அண்ணனை ஷெட்டுக்குள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கக்கூட விடவில்லை. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டதற்கு வந்த பதில், "உனக்கு எதுக்குடா அது?" ஆறு வருஷக் கூலியில் பிடித்துக்கொண்டதையும் கொடுக்காமல் விட்டதையும் கூட்டிப் பாருங்கள், அந்த ஓசியில் எத்தனை எட்டாயிரம் அடங்கியிருக்கிறது என்று.

பிறகு எங்கெங்கோ அலைந்து ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கப் போனார். சரக்கு வண்டி, வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்கணும் என்று அப்போது விதி. 2019-இல்தான் மத்திய அரசு அதை எடுத்தது. அண்ணன் ஐந்தாவதோடு மாடு மேய்க்கப் போனவர். யார் மாடு என்று கேட்காதீர்கள்.

அண்ணல் அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் 1929-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறார். ஒரு கிராமத்தில் தீண்டப்படாதோர்மீது சாதி இந்துக்கள் அறிவித்திருந்த சமூகப் புறக்கணிப்பை விசாரித்துவிட்டு சாலிஸ்கான் ஸ்டேஷனுக்குத் திரும்புகிறார். சேரிக்கு அழைத்துப்போக நம் மக்கள் வந்து நிற்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் யாரும் அவரை ஏற்றி ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். தலைவரை நடக்கவைக்க நம் மக்களுக்கு மனமில்லை. கடைசியில், வண்டியை வாடகைக்குத் தருகிறேன், ஆனால் ஓட்ட வரமாட்டேன் என்று ஒருவன் ஒத்துக்கொள்கிறான். ஓட்டிப் பழக்கமே இல்லாத நம் ஆள் ஒருவர் கடிவாளம் பிடிக்கிறார். வழியில் ஆற்றுப் பாலத்துக் கல்லில் சக்கரம் மோதி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில்.

தீண்டாமைக் கொடுமை என்று இதை எத்தனையோ மேடையில் பேசிவிட்டோம். எனக்கு இன்னொன்றும் படுகிறது. அன்றைக்கு வந்தவர்களிடம் மானம் இருந்தது, வாடகைக்குக் காசும் இருந்தது. வண்டியோட்டப் பழகிய ஒரு கை இல்லை. ஓட்டுகிற தொழில் யாரிடம் இருந்ததோ அவர்கள் அதைக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. என் அண்ணனுக்கு நடந்ததும் அதேதான், நடுவே எண்பது வருஷம்.

அதனால் காசு கொடுத்தே படிக்கட்டும் என்று முடிவெடுத்தேன். காசு கொடுத்தவன் கேள்வி கேட்கலாம் இல்லையா. ஆனால் நம்ம ஆட்கள் கடைசிவரை கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் என் கையில் இருக்கும்?

டவுனில் முதலில் போன பள்ளியில் ஐயாயிரம். "பதினஞ்சு நாள் சார், தினம் ஒரு மணி நேரம்." மறுநாள் காலையில் அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே டூவீலரில் போய்ப் பார்த்தேன். உள்ளே நாலு பேர். ஆளுக்குக் கால் மணி ஓட்டம், முக்கால் மணி பின்சீட்டு. பதினைந்து நாளில் மூணே முக்கால் மணி நேரம். மணிக்கு 1,300 ரூபாய்க்கு மேலே ஆகிறது. இரண்டாவது இடத்தில் எட்டாயிரம். வண்டிக்கு இரண்டே பேர், 21 நாள், தினம் அரை மணி. மொத்தம் பத்தரை மணி நேரம், மணிக்கு 760 சொச்சம். விலை கூடிய பள்ளிதான் மலிவு! 1989-ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளும் கார் பயிற்சிக்குக் குறைந்தது 21 நாள், 10 மணி நேரம் ஓட்டம் என்றுதான் சொல்கின்றன. சுவரில் ரேட்டு எழுதுகிற எந்தப் பள்ளியும் இதை எழுதுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். அவர் காலை எடுக்காமலே இருந்தால் பத்து மணி நேரமும் அவர்தான் ஓட்டுகிறார், நாம் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம். மேட்டில் நிறுத்தி ஹாஃப் கிளட்சில் எடுக்க விடுவாரா என்று கேளுங்கள்.

மூன்றாவது இடத்தில் பயிற்சிக்கு ஆறாயிரம், "லைசென்ஸ் செலவு" தனியாக மூவாயிரம். 2016 கடைசியில் திருத்திய கட்டணப்படி ஒரு வகை வண்டிக்கு எல்எல்ஆர் 150, அதன் தேர்வு 50, ஓட்டிக்காட்டும் சோதனை 300, லைசென்ஸ் 200. ஆக 700. மீதி யாருக்கு என்றேன். "உங்களுக்குத் தெரியாததா சார்?" பேட்ஜுக்கு வேறு தனி ரேட்டு. 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகை வண்டி, சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அவர்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போல.

இரண்டாவது பள்ளியில் சேர்த்தோம். அண்ணி மகளிர் குழுவில் கடன் வாங்கினார். பணத்தை எண்ணி வைத்த பிறகு, "எந்தத் தெரு?" என்றார்கள். சொன்னோம். "வண்டி அங்க வராது. பாப்பாவ மெயின் ரோட்ல வந்து நிக்கச் சொல்லுங்க." அவளோடு சேர்ந்து ஓட்டும் பையனை ஊர்த்தெருவில் வாசலிலேயே வந்து ஏற்றுகிறார்கள். இவள் விடியுமுன் இருட்டில் ஒரு கிலோமீட்டர் நடக்கணுமாம். காசு சாதியைக் கழுவும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன் தோழர். "ஏன்?" என்று கேட்டவள் அவள்தான். காலனி ரோடு குறுகல் என்றார் ஓனர். "எலக்‌ஷன் வேன் வருதே சார். அரை மணிக்கு அவனுக்கும் எனக்கும் ஒரே காசுதான?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பயிற்சியாளரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார்.

இப்போது வண்டி காலனி முகப்பில் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைவரை வருகிறது. உள்ளே வர மறுக்கிறது, அந்தச் சண்டை பாக்கியிருக்கிறது. நேற்று பதினோராம் நாள். ரயில்வே மேம்பால ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை ஆஃப் ஆகிவிட்டதாம், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டானாம். "மூணாவது தடவ எடுத்துட்டேன் சித்தப்பா, அவரு கால மடக்கி சீட்டு மேல வச்சிருந்தாரு" என்றாள். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்த மேட்டில் எந்த கியரில் எடுத்தாய் என்று விசாரித்தார்.