பறப்பதா, படிப்பதா?

எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் இவ்வாண்டு நடந்த சொற்போருக்கு "அயல்நாட்டு மாணவர் பரிமாற்றம் தேவையா?" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். தேவையில்லை என்று பேசிய அணியே வென்றது. விமானம் கக்கும் புகையால் வானமே கெடுகிறது, ஆகவே மாணவர் பறப்பதை உடனே நிறுத்துங்கள் என்று அந்த அணித் தலைவி மேசையைத் தட்டிப் பேசியபோது கரவொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. நாங்களும் கை தட்டினோம். வீடு திரும்பிய பிறகுதான் மனம் ஒப்பவில்லை. அன்று மேடையில் எவரும் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

மாணவர் பரிமாற்றம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஐரோப்பாவின் 'எராஸ்மஸ்' திட்டம். 1987-ம் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்களோடு தொடங்கிய அது, 2021 முதல் 2027 வரையிலான ஏழாண்டுகளுக்கு 2,600 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கீடு பெறும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எந்த நாடுகள் இருபதாம் நூற்றாண்டில் இருமுறை ஒன்றையொன்று குண்டு போட்டு அழித்தனவோ, அந்த நாடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே விடுதியில் அரிசி வேகவைத்துப் பங்கிட்டு உண்கிறார்கள். இந்த நன்மையைத் தராசில் வைக்காமல் புகையை மட்டும் நிறுத்துப் பார்ப்பது நியாயம் ஆகுமா?

ஆயினும் புகை பொய்யன்று. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கும் மேலாகக் கரியமில வாயு உண்டாகிறது. எரிபொருளில் உள்ள கரி காற்றிலிருக்கும் பிராணவாயுவைச் சேர்த்துக் கொள்வதால்தான் எடை இப்படிப் பெருகுகிறது என்பதை வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறோம். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2018-ம் ஆண்டுக்குக் கணக்கிட்டபடி, ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டு செல்ல விமானம் 160 கிராம் வாயுவை வெளியிடுகிறது. ரயிலோ 33 கிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு! விமானம் மேலே எழும்பும்போதுதான் எரிபொருளை அதிகம் குடிக்கிறது. எனவே தூரம் குறையக் குறைய, கிலோமீட்டருக்கு ஆகும் புகை கூடுகிறது.

பிறகு ஏன் ரயிலில் போகக்கூடாது? போகலாம்தான், ஆனால் பல வழித்தடங்களில் ரயில் கட்டணம் விமானக் கட்டணத்தைவிட அதிகம். ஒரு நாட்டில் வந்திறங்கும் அயல்நாட்டு விமானத்தில் ஏற்கெனவே உள்ள எரிபொருளுக்கு வரி போடக்கூடாது என்று 1944-ம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கை விதித்தது. ஐரோப்பாவின் 2003-ம் ஆண்டு எரிபொருள் வரிச் சட்டமும் விமான எரிபொருளுக்கு விலக்கு அளித்தது. சலுகையை விமானத்துக்குக் கொடுத்துவிட்டு, உபதேசத்தை மாணவனுக்குச் செய்வது வேடிக்கை அல்லவா?

எராஸ்மஸ் திட்டத்தார் இதை ஒருவாறு உணர்ந்தார்கள். ரயிலிலோ பேருந்திலோ போகும் மாணவருக்கு 2021-ல் 50 யூரோவும், வழியில் செலவாகும் நாட்களுக்கு நான்கு நாள் வரை படியும் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024-ல் 500 முதல் 1,999 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்குச் சாதாரண உதவித் தொகை 309 யூரோ. புகை குறைந்த வழியில் போவோருக்கு 417 யூரோ. இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த 108 யூரோ பெரிது.

ஆனால் அதே 2021-ல் அதே திட்டத்தார் செய்த இன்னொரு காரியம் எங்களுக்கு உடன்பாடில்லை. அதுவரை படிக்கப் போகிறவர் குறைந்தது மூன்று மாதம் தங்க வேண்டும். அதை இரண்டு மாதமாகக் குறைத்தார்கள். மேலும், கணினி வழிப் பாடத்தோடு ஐந்து நாள் மட்டும் நேரில் போய் வரும் குறுகிய வகுப்புகளையும் ஏற்படுத்தினார்கள். வேலைக்குப் போகும் மாணவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அது உதவும் என்பதை மறுக்கவில்லை. எனினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். போக 1,500, வர 1,500 என்று 3,000 கிலோமீட்டர் பறந்தால் 480 கிலோ வாயு. ஐந்து நாள் தங்கினால் நாளொன்றுக்கு 96 கிலோ; பத்து மாதம் தங்கினால் நாளொன்றுக்கு 1.6 கிலோ. அந்த ஐந்து நாளில் ஒருத்தி என்ன கற்றுவிடுவாள்? கடைக்குப் போய் உப்புக் கேட்கத் தெரிவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். (பத்து மாதம் தங்கியவள் வாரக் கடைசிதோறும் மலிவு விமானத்தில் ஊர் சுற்றினால் எங்கள் கணக்கு கவிழ்ந்துவிடும் என்பதையும் ஒப்புக் கொள்கிறோம்.)

இந்தத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர் ராட்டர்டாமில் பிறந்த எராஸ்மஸ் என்னும் குரு. பதினாறாம் நூற்றாண்டின் பேரறிஞர். பாரிஸ், லூவேன், கேம்பிரிட்ஜ், பாசல் என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தும் படிப்பித்தும் வாழ்ந்தவர். 1509-ம் ஆண்டில் இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இங்கிலாந்துக்குக் குதிரையில் போனபோதுதான், 'மடமையின் புகழ்' என்ற நையாண்டி நூலுக்கான எண்ணம் அவருக்கு உதித்தது. இலண்டனில் தாமஸ் மோர் வீட்டில் தங்கி அதை எழுதினார். 1935-ல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே தாமஸ் மோர்தான். நண்பரின் பெயரை நினைத்ததால்தான் 'மோரியா', அதாவது மடமை, என்ற கிரேக்கச் சொல் அவருக்குத் தோன்றியதாம். பயண நேரம் வீணாகிறது என்று சொல்பவர்களுக்கு அந்தக் குதிரையைக் காட்டலாம்!

சரி, பறப்பதை ஒரேயடியாகத் தடை செய்தால் யாருக்கு நட்டம்? வசதி உள்ளவர்கள் எப்படியும் சொந்தச் செலவில் விடுமுறைக்குப் பறப்பார்கள். சைப்ரஸ், மால்டா, ஐஸ்லாந்து போன்ற தீவுகளின் பிள்ளைகள் எந்த ரயிலில் ஏறுவார்கள்? 2004 முதல் 'எராஸ்மஸ் முண்டுஸ்' உதவித் தொகை பெற்று நம் நாட்டிலிருந்தும் மாணவர்கள் போய் வருகிறார்கள். சென்னையிலிருந்து பெர்லினுக்கு ரயில் உண்டோ? கணினித் திரையில் பேசிக் கொண்டால் போதாதா என்று கேட்கும் பெரியோருக்கு ஒரு வார்த்தை: வீட்டைவிட்டு ஒருமுறையேனும் வெளியே போய்த் தன் துணியைத் தானே துவைத்து, தன் பணத்தைத் தானே எண்ணி வாழும் வாய்ப்பு, எங்களைப் போன்ற பெண்களுக்கு வேறு எந்த வழியில் கிடைக்கிறது? தடை என்று வந்தால் முதலில் அடைபடுவது எங்கள் கதவுதான்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ரயில் ஓடும் இடத்துக்கு ரயில் கட்டணம் முழுவதையும் கொடுங்கள். கல்லூரிகள் இரண்டு நாள் பயண விடுப்பும் தரட்டும். கடல் கடந்துதான் போக வேண்டும் என்றால் ஒரே பயணம், ஆனால் ஒரு முழு ஆண்டு. அதிகாரிகளும் ஆசிரியர்களும் ஏற்பாட்டுக் கூட்டங்களுக்குப் பறப்பதை விட்டுத் திரையில் பேசிக் கொள்ளட்டும். திரைக்கு உகந்த வேலை அதுவே.

சொற்போரில் வென்ற தோழியிடம் இதையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "போனால் ஒரு வருஷம் கழித்துத்தான் வரவேண்டும் என்கிறீர்கள். எங்கள் அம்மாவிடம் யார் கேட்பது?" என்றாள்.