சிறு பட்டறையும் சேனையின் கண்ணும்

1917-ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் மகாயுத்தத்தில் இறங்கியபோது, பெருஞ்செல்வமும் பெரிய ஆலைகளும் படைத்த அந்த நாட்டின் கடற்படை, வீட்டில் பைனாகுலரோ தொலைநோக்கியோ வைத்திருக்கும் பிரஜைகள் அதைத் தேசத்துக்கு இரவல் தர வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. கருவி ஒன்றுக்கு ஒரு டாலர் கொடுத்து, யுத்தம் முடிந்தபின் கூடியமட்டும் உரியவரிடம் திருப்பித் தருவதாக வாக்களித்த அந்த வேண்டுகோளை விடுத்தவர், அப்போது கடற்படையின் உதவிச் செயலாளராக இருந்து, பிற்காலத்தில் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். கப்பல் கட்ட இரும்பு இருந்தது. பீரங்கி வார்க்க உலை இருந்தது. அடிவானத்தில் தோன்றும் பகைக் கப்பலைக் கண்டுகொள்ளப் போதுமான கண்ணாடி மட்டும் இல்லை.

காரணம் எளிது. 1884-ல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அபே, கார்ல் ஜைஸ் ஆகியோர் கூடி ஏற்படுத்திய கண்ணாடி ஆய்வுக்கூடத்திலிருந்து முப்பது வருஷ காலம் உயர்ந்த சரக்கு தாராளமாகக் கிடைத்து வந்தபடியால், அதே சரக்கை உள்ளூரில் செய்து பார்க்கும் சிரமத்தை மற்ற தேசங்கள் பெரும்பாலும் மேற்கொள்ளவில்லை. ஜெர்மனியோடு யுத்தம் மூண்டதும் வாசல் அடைபட்டது. லென்ஸுக்கு உகந்த கண்ணாடியை ஜன்னல் கண்ணாடியைப்போல் காய்ச்சி ஊற்றிவிட முடியாது. மண் கலயத்தில் உருக்கி, குமிழியும் கோடும் விழாதபடி மணிக்கணக்கில் கிளறி, உள்ளே இறுக்கம் நின்றுவிடாமல் நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டு, கடைசியில் கலயத்தையும் கட்டியையும் உடைத்துப் பார்த்தால், அவ்வளவு பிரயாசைக்கும் பலனாகச் சிறு பகுதியே தேறும். அப்படிக் கைவந்த வித்தையை யுத்தம் வந்தபின் ஓரிரவில் கற்றுக்கொள்ள எந்தத் தேசத்தாலும் இயலாது.

நம் தேசமும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. கல்கத்தாவின் யாதவ்பூரில் 1950-ல் திறக்கப்பட்ட மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் ஆத்மா ராமின் தலைமையில் நம்மவர்கள் ஒளியியல் கண்ணாடியைத் தாமே செய்யக் கற்றார்கள்; அவருக்கு 1959-ல் பட்நாகர் பரிசும் கிடைத்தது. ஆனால் இக்காலத்துச் சேனைக்கு அந்தக் கண்ணாடி மட்டும் போதாது. இருட்டில் மனித உடலின் வெப்பத்தைக் கொண்டே உருவத்தைக் காட்டும் கருவிக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர் மாதிரி. அந்த வெப்பக் கதிரை அது உள்ளே விடாது. அதற்கு ஜெர்மானியம் வேண்டும். பார்ப்பதற்கு ஒளி ஊடுருவாத உலோகத் தட்டாகத் தோன்றும் அந்தப் பொருள்தான் வெப்பக் கதிருக்கு ஸ்படிகமாகிறது. 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதன் ஏற்றுமதிக்குச் சீனா லைசென்ஸ் விதித்தது; 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடைசெய்தது. யேனாவின் கதை வேறு பொருளில், வேறு ஊரில், மறுபடியும் நடந்தது.

ஜெர்மானியத்துக்குப் பதிலாக நிற்கக்கூடிய சால்கோஜனைடு கண்ணாடி, ஏவுகணையின் முகப்பில் வெப்பத்தையும் மழைத்துளியின் மோதலையும் தாங்கி நிற்கும் துத்தநாக ஸல்பைடு, குண்டு துளைக்காத ஒளிபுகும் பீங்கான் ஆகியவற்றையெல்லாம் ஆராய்வதற்குப் பெரிய ஆலைகளே போதுமே, சிறு பட்டறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாளாவது லென்ஸ் பட்டறையில் நின்று பார்க்க வேண்டும். கீல் பூசிய தட்டின்மேல் சீரியம் ஆக்ஸைடு குழம்பை விட்டுத் தேய்த்து மெருகேற்றிய லென்ஸைத் துடைத்து, அளவுக்கண்ணாடியின்மேல் வைத்து, மஞ்சள் நிறச் சோடியம் விளக்கின் அடியில் பார்க்கும்போது, இரண்டுக்கும் இடையே வளையம் வளையமாகக் கோடுகள் தோன்றுகின்றன. ஒரு வளையம் கூடினால், ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய மூவாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவு பிழை இருக்கிறதென்று பொருள். கையில் பிடித்த சூட்டில்கூட வளையம் நெளிந்துவிடும் ஆகையால், கண்ணாடி ஆறும் வரையில் தொழிலாளி சும்மா காத்திருக்கிறான். பிறகு மறுபடியும் தேய்க்கிறான்.

இந்தப் பொறுமை சிறிய இடத்தில்தான் வளர்கிறது என்பது என் துணிபு. சேனைக்கு வேண்டியது லட்சக்கணக்கான லென்ஸ்கள் அல்ல. சில சமயம் ஐம்பதே வேண்டியிருக்கும், அந்த ஐம்பதும் பனிமலையின் உச்சியில் உள்ளே மூட்டம் படியாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஐம்பது உருப்படிக்காக ஒரு பெரிய ஆலை தன் யந்திர வரிசையை நிறுத்தி மாற்றுவதில்லை. மாற்றினால் அதன் கணக்குக்குக் கட்டாது. அந்த ஐம்பதையே தன் பிழைப்பாகவும் பெருமையாகவும் கொள்பவன் சிறு தொழிலாளனே.

அமெரிக்கர்கள் இதைச் சட்டமாகவே செய்தார்கள். அங்கே தேசிய அறிவியல் நிறுவனத்தில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி 1977-ல் தொடங்கிய ஏற்பாட்டைப் பின்பற்றி, ஆராய்ச்சிக்காக வெளியாருக்குப் பெருந்தொகை வழங்கும் இலாகாக்கள் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியே தீர வேண்டும் என்று 1982 ஜூலையில் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் 0.2 சதவீதமாயிருந்த பங்கு பின்னர் 3.2 சதவீதமாக உயர்ந்தது. முதற்கட்டத்தில் கருத்து சாத்தியமா என்று பார்க்கச் சிறு தொகை. இரண்டாம் கட்டத்தில் மாதிரியைச் செய்து காட்டப் பெருந்தொகை. மூன்றாம் கட்டத்தில், வென்ற பொருளை மறுபடியும் போட்டி டெண்டர் கோராமலே அந்த நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்ளும் அதிகாரம். அந்த மூன்றாவது ஏற்பாடே சட்டத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

நம்மிடமும் திட்டம் இருக்கிறது. இல்லையென்று சொல்வது அநியாயம். சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில்தான், சிறு நிறுவனங்களின் புதுமுயற்சிக்கு உதவும் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்றரைக் கோடி ரூபாய் வரையில் மானியம் என்று ஆரம்பித்தது, பிரைம் என்ற பிரிவில் 10 கோடியாகவும், 2024-ல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடியாகவும் வளர்ந்திருக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி வரவு செலவில் 25 சதவீதம் தனியார் தொழில்களுக்கும், புதுத் தொழில் முனைவோருக்கும், கல்விக் கூடங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று 2022-ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மனமார வரவேற்க வேண்டியவை இவை. ஆயினும் மானியம் வாங்கி, மாதிரியைச் செய்து, அதைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் பட்டறையின் வாடகைக்கும், மெருகேற்றும் தொழிலாளியின் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு? சோதனை நீண்டு, கொள்முதல் ஆணை வராமல் இரண்டு வருஷம் கழிந்தால், கைதேர்ந்த தொழிலாளி வேறு வேலைக்குப் போய்விடுகிறான். அவனோடு வித்தையும் போய்விடுகிறது.

இங்கே மதுரையை நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு, 1992-ல் ஆரோலேப் என்ற கூடம், அதுவரை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை மதுரையிலேயே செய்து, ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. அதன் வெற்றிக்கு நிபுணர்களின் திறமையும் சேவை மனப்பான்மையும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் செய்த லென்ஸை வாங்கிப் பயன்படுத்தும் மருத்துவமனை பக்கத்திலேயே நின்றது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாங்குபவன் நிச்சயமாயிருந்தான். குறை கண்டால் மறுநாளே சொல்லவும் செய்தான்.

சேனையும் அப்படி நிற்க வேண்டும். சோதனையில் தேறிய எந்த ஒளியியல் சாதனத்துக்கும் ஒரு சிறு முதல் ஆணையாவது உறுதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனைக்குக் காலவரை விதித்து, அது கடந்தால் காத்திருப்புக்கு உரிய தொகையை இலாகாவே ஏற்க வேண்டும். தோற்றுப்போன ஆராய்ச்சிக்குச் செலவான பணத்தை விரயமென்று தணிக்கையில் எழுதும் வழக்கம் இருக்குமானால், அதைக் கைவிட வேண்டும். தமிழகத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து ஊர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்த ஊர்கள் அடங்கிய தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும்: இதுவரை சோதனையில் தேறிய சிறு நிறுவனங்கள் எத்தனை, அவற்றுள் ஆணை பெற்றவை எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மாதம் காத்திருந்தது?