சமரச அழைப்பைப் புறக்கணிக்கலாமா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் ஏலமும் சுக்கும் நம்பிக்கையின் பேரில் கடனுக்குக் கைமாறுவது பழைய வழக்கம். வரவேண்டிய தொகை முடங்கினாலும் வங்கிக் கடனுக்கான வட்டி முடங்குவதில்லை. ஆகவே, வழக்கு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது வணிகருக்கு வாழ்வாதாரக் கேள்வியாகும்.

2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத தகராறுகளுக்கே பொருந்தியது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வரம்பை 3 லட்சமாகக் குறைத்தது; 12ஏ என்னும் பிரிவையும் சேர்த்தது. அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வழக்குகளில், முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியே சமரசத்திற்கு முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. இது கட்டாயமே என்றும், மீறினால் வழக்குரை நிராகரிக்கப்படும் என்றும் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 17 அன்று தீர்ப்பளித்தது.

இதை வீண் தாமதம் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து எனக்கு உடன்பாடானதன்று. சமரசத்திற்கான காலம் 3 மாதங்களே. இருதரப்பும் இசைந்தால் மேலும் 2 மாதங்கள். அக்காலம் வழக்கின் காலவரம்பில் கணக்கிடப்படாது. கட்டணத்தை இருவரும் சமமாகப் பகிர்கின்றனர். எட்டப்படும் உடன்பாடு நடுவர் தீர்ப்புக்கு நிகரான வலிமை பெறுகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. கட்டாயம் வழக்குத் தொடுப்பவருக்கு மட்டுமே. எதிர்த்தரப்பினர் அழைப்பை ஏற்று வராவிட்டால், முயற்சி அத்துடன் முடிந்துவிடும். வணிக வழக்குகளில் தோற்றவர் வென்றவரின் செலவை ஏற்பது பொதுவிதி. செலவை நிர்ணயிக்கையில் தரப்பினரின் நடத்தையும் கருதப்படும். காரணமின்றிச் சமரசத்திற்கு வராமையையும் அத்தகைய நடத்தையாக நீதிமன்றங்கள் எடைபோட வேண்டும் என்பதே என் கருத்து.

வாடிக்கையாளர்கள் செய்யத்தக்கதும் உண்டு. பில், சரக்கு ரசீது, கணக்கு அறிக்கை, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை ஒரே கோப்பில் பேணுங்கள். சமரசம் கைகூடாவிடில், வழக்குரையுடனேயே எல்லா ஆவணங்களையும் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்வழக்குரைக்கும் 120 நாட்களே இறுதி எல்லை. அதன்பின் அவ்வுரிமை இழக்கப்படும்.

அழைப்பு உங்களுக்கு வந்தால் தவறாமல் செல்லுங்கள். செல்வது கடனை ஒப்புக்கொள்வதாகாது. அங்குப் பேசுவது இரகசியமாகவே காக்கப்படும். நாளையும் அதே சந்தையில் சரக்கு வாங்கி விற்க வேண்டிய இருவருக்கு, தீர்ப்பைவிட உடன்பாடே மலிவானது.