வீட்டுக்காரருக்கு ஒரு விஸ்கி பாட்டில்

டிஸ்கி: குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே அளவாகக் குடிக்கும் ஆள் உள்ள வீடுகளுக்காக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தங்கமணிக்கு ஒரு போன் வந்தது. கொஞ்சம் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். எங்களைப் போலவே கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துப் பெண்.

"அண்ணா, அவருக்கு அடுத்த மாசம் நாப்பத்தஞ்சு முடியுது. நல்ல விஸ்கி ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்? உங்களைக் கேட்டா தெரியும்னு அக்கா சொன்னாங்க."

அக்கா அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப அக்கறையாகக் கத்திரிக்காய் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். எங்க அம்மா காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் ஊர் சும்மா இருந்திருக்குமா? "சாயங்காலம் கூப்பிடறேம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். சாயங்காலம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன கொசுவத்தி.

எங்க அப்பா குடிப்பார். ஆனால் எங்கள் வீட்டுக்குள் ஒரு பாட்டில்கூட வந்ததில்லை. ராத்திரி அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம். இதைத் தொடவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பி.காம். முடித்தேன், பேங்க் வேலைக்கு வந்தேன்.

வேலை என்றால் டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்ஃபர் என்றால் ஃபேர்வெல் பார்ட்டி. பார்க் ஸ்ட்ரீட்டில் ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் ஆபீஸ் பையில் ஒரு குவார்ட்டர் என்று ஆனது. வீட்டுக்கு வரும்போது வாயில் சோம்பு, அதற்கு மேல் ஒரு மீட்டா பான். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. தினமும் பான் போட்டுக்கொண்டு வரும் தமிழனை எந்த மனைவி நம்புவாள்?

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் இருபதாவது கல்யாண நாள். தங்கமணி டைனிங் டேபிளில் ஒரு பெட்டியை வைத்தார். பிரித்தால் அம்ருத் ஃப்யூஷன். எனக்கு வேர்த்துவிட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "வெளியில நின்னு குடிச்சிட்டு வர வேண்டாம். வீட்டுல, சனிக்கிழமை, ஒரு லார்ஜ். நான் எதிர்ல உக்காந்திருப்பேன்."

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைத்தான் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். எந்த பிராண்ட் என்பது இரண்டாவது கேள்வி. வாங்கிய பாட்டிலை வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. ஷோகேஸில் வைக்க முடியும் என்றால் வாங்குங்கள். பீரோவில் துணிக்கு அடியில்தான் வைக்க முடியும் என்றால் நல்ல சட்டை எடுத்துக் கொடுங்கள், போதும்.

சரி, மேட்டருக்கு வருவோம். எது நல்ல விஸ்கி?

நம் அப்பாக்கள் காலத்தில் இந்தியாவில் விஸ்கி என்று விற்றதில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தது. மலிவு சரக்கில் இன்றைக்கும் அந்தக் கதை நிறைய உண்டு. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்கவே முடியாது. இந்த வியாபாரத்தில் நம் இரண்டு ஊருக்குமே பங்கு இருக்கிறது. மெக்டவல் 1826ல் மெட்ராஸில் ஆரம்பித்த கம்பெனி, ஷா வாலஸ் 1886ல் இதே கல்கத்தாவில் ஆரம்பித்தது.

பெங்களூர் அம்ருத் கம்பெனி 2004 ஆகஸ்டில் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகம் செய்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான், ஆனால் ஊசி விற்றது! ஜிம் மர்ரே என்ற விமர்சகர் தன் 2010 விஸ்கி பைபிளில் அம்ருத் ஃப்யூஷனை உலகத்தில் மூன்றாவது என்று எழுதினார். அதன் பிறகு கோவாவிலிருந்து பால் ஜான், ராம்பூரிலிருந்து ராம்பூர், ஹரியானாவிலிருந்து இந்த்ரி என்று வரிசை கட்டி வந்துவிட்டன. ஆகவே பரிசு என்றால் ஃபாரின் பாட்டில்தான் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். வெளிநாட்டு விஸ்கிக்கு 150 சதவீத சுங்க வரி என்று பல வருஷம் இருந்தது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் அதை முதலில் 75 ஆகவும் பத்து வருஷத்தில் 40 ஆகவும் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு தெரிந்தவர்கள் யோசிக்க வேண்டியது, கொடுக்கும் காசில் எவ்வளவு சரக்குக்கு, எவ்வளவு வரிக்கு என்பதைத்தான்.

அடுத்தது வயசு. "12 வருஷம் போட்டிருக்கா, 18 போட்டிருக்கா" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாட்டிலில் போட்டிருக்கும் வயசு உள்ளே கலந்ததிலேயே இளையதின் வயசு. ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் இருந்தாக வேண்டும். பீப்பாயில் இருக்கும்போது ஆவியாகிப் போவது வேறு இருக்கிறது. அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பி.காம். படித்தவர்களுக்குச் சுலபமாகச் சொன்னால் ப்ராசஸ் காஸ்டிங்கில் வரும் நார்மல் லாஸ். ஸ்காட்லாந்து குளிரில் வருஷத்துக்கு 2 சதவீதம் போலப் போகும். பெங்களூரில் 10 முதல் 12 வரை போகும். நூறு லிட்டரை 12 வருஷம் வைத்தால் அங்கே 78 லிட்டர் மிஞ்சும். இங்கே 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 28 லிட்டர்தான். அதற்குப் பதிலாக நம் வெயிலில் மரத்தின் ருசி சீக்கிரம் இறங்கிவிடும், நாலைந்து வருஷமே போதும். அதனால்தான் நம் ஊர் நல்ல மால்ட்டுகள் பலவற்றில் வயசே போட்டிருக்காது. வயசு இல்லையே என்று கீழே வைத்துவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அவர் எப்படிக் குடிப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சோடாவோ கோலாவோ ஊற்றிக் குடிக்கிறவருக்கு நல்ல பிளெண்டட் விஸ்கி போதும். சிங்கிள் மால்ட்டில் கோலா ஊற்றுவது மைசூர் பாக்கை சாம்பாரில் தொட்டுச் சாப்பிடுகிற மாதிரி. வெறும் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குடிப்பவர் என்றால் சிங்கிள் மால்ட் வாங்கலாம். ஸ்காட்லாந்தில் ஐலா தீவுப் பக்கம் செய்யும் சில விஸ்கிகளுக்குப் புகை வாசனை தூக்கலாக இருக்கும். பழகாதவருக்கு டிங்சர் பாட்டிலைத் திறந்த மாதிரி இருக்கும், முதல் பரிசாக அது வேண்டாம். ஃப்யூஷன், இந்திய பார்லியும் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்த்துச் செய்தது, புகை அளவாகத்தான் இருக்கும். ஆனால் 50 சதவீதம் ஆல்கஹால். வழக்கமான இந்திய விஸ்கி 42.8தான். அதனால் தண்ணீர் விடாமல் வீரம் காட்ட வேண்டாம்.

எங்கே வாங்குவது? லைசென்ஸ் உள்ள கடையில், பில்லோடு. மிலிட்டரி கேன்டீன் சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது காதைக் கடிப்பார்கள். அதை வெளியாளுக்கு விற்பது தப்பு, மலிவு விலையில் போலியும் கலந்து வரும். துபாய், சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் டியூட்டி ஃப்ரீயில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம்.

பெண்கள் எப்படிக் கடைக்குப் போவது என்று கேட்பீர்கள். தங்கமணி எஃப்.எல். ஆஃப் ஷாப் என்று போர்டு போட்ட ஒரு கடைக்குத் தனியாகத்தான் போயிருக்கிறார். கடைக்காரர் "பௌதி, கி லாக்பே?" என்றாராம். அண்ணி, என்ன வேணும் என்று மளிகைக் கடையில் கேட்கிற மாதிரியேதான். ஊரில் டாஸ்மாக் கம்பி வலைக்கு முன்னால் அவரை நிற்க வைத்து என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதைப் படிக்கும்போதே சிலருக்குக் கோபம் வரும். பிள்ளைகள் கண்ணில் படும்படி பாட்டிலா? நானும் பயந்தேன். பாட்டில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த முதல் வாரமே பையன், அப்போது பிளஸ் ஒன், நேராகக் கேட்டான்: "தாத்தாவும் குடிப்பாராப்பா?" சைக்கிள் ஸ்டாண்ட் சத்தத்தைப் பற்றி அவனிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். எங்க அப்பாவைப் பற்றி நான் யாரிடமும் அதுவரை பேசியதில்லை. பிள்ளைகளுக்கு எல்லாமே தெரியும் சார். நாம் பேசுகிறோமா இல்லையா என்பதுதான் பாக்கி.

எல்லாம் சுபம் என்று பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை விதியை இரண்டு தடவை மீறினேன். தங்கமணி பாட்டிலின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஸ்டாக் ஆடிட்டில் மாட்டினேன். 750 மில்லி, வாரம் 60 மில்லி என்றால் மூன்று மாசம் வர வேண்டும். இப்போதெல்லாம் சரியாக வருகிறது.

யாருக்கு வாங்கித் தரக் கூடாது என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். ஒரு ரவுண்டோடு நிறுத்த முடியாதவருக்கு, விட முயற்சி செய்துகொண்டிருப்பவருக்கு, ஈரல் கோளாறு உள்ளவருக்கு, குடித்தால் கை நீட்டுகிறவருக்கு வேண்டவே வேண்டாம். எங்க அம்மா பாட்டில் வாங்கிக் கொடுத்திருந்தால் அப்பா மாறியிருப்பாரா என்று கேட்டால், மாறியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு டாக்டர் தேவைப்பட்டார்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அண்ணா, அவர் மறைச்சுக் குடிக்கறது எனக்குத் தெரியும்னு அவருக்கே தெரியாது" என்றார். அப்படியானால் முதலில் அதைப் பேசிவிடும்மா, பாட்டில் அப்புறம் வாங்கலாம், கடை எங்கேயும் ஓடிப் போகாது என்றேன்.

பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள், கார்க் கெட்டுவிடும். நிமிர்த்தியே வையுங்கள்.

வரட்டா?